கூல்டிரிங்ஸ் வரிய ஓட்டுக்கு அனுப்பின கவுன்சில்: பெர்க்லி 2014, ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு வரி ஜெயிச்சுதா தோத்துதான்னு எல்லாரும் தேர்தல் ரிசல்ட்ட வெச்சுதான் பேசறாங்க. ஆனா பாதி விஷயம் அதுக்கு நாலு மாசம் முன்னாடியே, எந்த வரிய ஓட்டுக்கு விடறது, எந்த வடிவத்துல விடறது, யார் கிட்ட வசூல் பண்றதுன்னு கவுன்சில் ஹால்ல உக்காந்து எழுதறப்பவே முடிவாயிருது. கலிஃபோர்னியால இருக்கற பெர்க்லி நகரம் 2014ல கூல்டிரிங்ஸ் மேல வரி போட மக்கள் கிட்ட ஓட்டு கேட்ட கதை இதுக்கு நல்ல உதாரணம், அதனாலதான் முழுசா எழுதி வைக்கறேன். யாரோட பேரும் போடல, பேர் இல்லாமலே விஷயம் புரியும்.

பின்னணி: ரெண்டு விதமான வரி

கலிஃபோர்னியால ஒரு நகர கவுன்சில் தானா புது வரி போட முடியாது. 1978ல மக்களே ஓட்டுப் போட்டு கொண்டுவந்த 13ஆம் பிரேரணை, அப்புறம் 1996ல வந்த 218ஆம் பிரேரணை, இந்த மாதிரி சட்டங்களால எந்த உள்ளூர் வரியா இருந்தாலும் மக்கள் ஓட்டுக்குப் போயே ஆகணும். கவுன்சிலோட வேலை, எதை பேலட்ல, அதாவது ஓட்டுச் சீட்டுல, வைக்கறதுன்னு முடிவு பண்றது மட்டும்தான்.

அந்த "மட்டும்தான்"ல நிறைய இருக்கு. வரில ரெண்டு வகை. ஒண்ணு பொது வரி, பணம் நகரத்தோட பொதுக் கணக்குக்குப் போகும், கவுன்சில் எதுக்கு வேணா செலவு பண்ணலாம், மக்கள்ல பாதிக்கு மேல ஒரு ஓட்டு இருந்தா போதும். இன்னொண்ணு தனி வரி, அதாவது இந்தப் பணம் இதுக்குத்தான்னு சட்டத்துலயே பூட்டு போட்டுடறது, பார்க்குக்கு, லைப்ரரிக்கு, பசங்க ஆரோக்கியத்துக்குன்னு. அதுக்கு மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும். இதுல இருக்கற சங்கடத்த கவனிங்க. பணத்த நல்ல காரியத்துக்கு மட்டும்தான் செலவு பண்ணுவோம்னு எழுதிக் குடுத்தா ஜெயிக்கறது கஷ்டமாயிருது, எழுதிக் குடுக்காம விட்டா ஜெயிக்கறது சுலபம், ஆனா "உங்கள எப்படி நம்பறது"ங்கற கேள்விக்கு பதில் இல்லாம நிக்கணும்.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. பொது வரிய கவுன்சில் உறுப்பினர்கள தேர்ந்தெடுக்கற வழக்கமான தேர்தலோட சேத்துத்தான் வைக்கணும், நடுவுல தனியா வைக்கணும்னா கவுன்சில் மொத்தமும் ஒருமனதா அவசர நிலைன்னு சொல்லணும். பெர்க்லிக்கு அது 2014 நவம்பர் 4. தேர்தலுக்கு 88 நாள் முன்னாடி, அதாவது ஆகஸ்ட் 8க்குள்ள வாசகம் போய்ச் சேரணும், கோடைல கவுன்சிலுக்கு லீவு வேற. அதனால ஜூலைல முடிவு எடுக்கலன்னா ரெண்டு வருஷம் காத்திருக்கணும்.

என்ன பிரச்சனையப் பாத்தாங்க

பெர்க்லி சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவோட கிழக்குக் கரைல இருக்கற யுனிவர்சிட்டி ஊரு, 2010 சென்ஸஸ்படி 1 லட்சத்து 12 ஆயிரத்துச் சொச்சம் பேர். படிச்சவங்க ஊர்னு பேரு இருந்தாலும் தெற்கு, மேற்குப் பக்கம் வருமானம் கம்மியான கறுப்பின, லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) குடும்பங்கள் இருக்காங்க, சர்க்கரை வியாதி, பசங்களுக்குப் பல் சொத்தை எல்லாம் அந்தப் பக்கம்தான் அதிகம். பள்ளிக்கூடங்கள்ல பசங்களுக்கு தோட்டம் போடவும் சமைக்கவும் கத்துக் குடுக்கற வகுப்பு பல வருஷமா நடந்துட்டிருந்துது, மத்திய அரசு பணத்துல. 2013 வாக்குல அந்தப் பணம் நின்னுபோச்சு. அந்த நேரத்துலதான் டாக்டருங்க, பல் டாக்டருங்க, பெற்றோர்கள், டீச்சர்கள், கறுப்பின, லத்தீனோ அமைப்புகள் எல்லாம் சேந்து ஒரு கூட்டணி ஆரம்பிச்சு, கூல்டிரிங்ஸ் மேல வரி வேணும்னு கவுன்சில் கதவ தட்ட ஆரம்பிச்சாங்க.

ஆனா அதுக்கு முன்னாடி அமெரிக்காவுல எந்த ஊர்லயும் இந்த மாதிரி வரி ஓட்டுல ஜெயிச்சதில்ல. பக்கத்துலயே ரிச்மண்ட், பெர்க்லில இருந்து ரயில்ல கொஞ்ச நேரம்தான். அங்க 2012ல அவுன்ஸுக்கு (சுமார் 30 மில்லி) 1 சென்ட்னு இதே மாதிரி வெச்சாங்க, ஆதரவு ஓட்டு மூணுல ஒரு பங்குதான் வந்துது. அதே நாள்ல தெற்கு கலிஃபோர்னியால எல் மான்டேல வெச்சது இன்னும் மோசமா தோத்துது, வேணும்னு சொன்னவங்க நாலுல ஒரு பங்குகூட இல்ல.

ரிச்மண்ட் தோல்விய பெர்க்லிக்காரங்க பக்கத்துல இருந்தே பாத்திருந்தாங்க, அதான் முக்கியம்னு எனக்குப் படுது. அங்க என்னென்ன தப்பாச்சு? வரிய கடைக்காரர் மேல போட்டாங்க, பிசினஸ் லைசென்ஸ் கட்டணம் மாதிரி, எத்தன அவுன்ஸ் வித்தோம்னு ஒவ்வொரு பொட்டிக்கடையும் கணக்கு வெக்கணும், அதனால சின்னக் கடைக்காரங்க முதல் நாள்ல இருந்தே எதிரணிக்குப் போயிட்டாங்க. கவுன்சிலுக்குள்ளயே ஒத்துமை இல்ல, எதிர்த்த உறுப்பினர்கள் வெளிப்படையா பிரச்சாரம் பண்ணாங்க. வருமானம் கம்மியானவங்க தலைல வரி கட்டறாங்கன்னு கூல்டிரிங்ஸ் கம்பெனிகள் பக்கம் பேசுனது கறுப்பின, லத்தீனோ ஏரியாக்கள்ல நல்லா எடுபட்டுது, அதுக்கு பதில் சொல்ல அந்த ஏரியா ஆளுங்களையே ஆதரவு அணி முன்கூட்டியே சேத்து வெக்கல. கம்பெனிகள் செலவு பண்ணது சுமார் 25 லட்சம் டாலர். பணத்துக்கான உத்தரவாதமா, வரி ஒரு கேள்வி, "இத ஆரோக்கியத்துக்கு செலவு பண்ணலாமா"ன்னு கட்டாயமில்லாத ஆலோசனைக் கேள்வி இன்னொண்ணுன்னு ரெண்டா பிரிச்சு வெச்சிருந்தாங்க. ஓட்டுப் போடறவங்களுக்கு அது ஒரு உத்தரவாதமாவே தெரியல.

முடிவுகள், அதுக்கான காரணங்கள்

முதல் முடிவு, பொது வரியா தனி வரியா. அதே நவம்பர்ல விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் சான் பிரான்சிஸ்கோவும் ஒரு கூல்டிரிங்ஸ் வரி வைக்கத் தயாராகிட்டிருந்துது, அவங்க அவுன்ஸுக்கு 2 சென்ட், பணம் முழுக்க பசங்க ஊட்டச்சத்துக்கும் விளையாட்டுக்கும்னு பூட்டு போட்ட தனி வரி, அதனால மூணுல ரெண்டு பங்கு தேவை. பெர்க்லி அந்த வழில போகல. அவுன்ஸுக்கு 1 சென்ட், பொது வரி, பாதிக்கு மேல போதும். யாருமே ஜெயிக்காத ஒரு விஷயத்துக்கு 66 சதவீதத்த இலக்கா வெக்கறது அப்போதைக்கு புத்திசாலித்தனமா தெரிஞ்சிருக்காது, நான் அங்க உக்காந்திருந்தாலும் இததான் சொல்லியிருப்பேன்.

அப்ப நம்பிக்கைக்கு என்ன வழி? இங்கதான் அவங்க செஞ்சது எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. 9 பேர் கொண்ட ஒரு நிபுணர் குழுவ சட்டத்துக்குள்ளயே எழுதினாங்க. பசங்க ஆரோக்கியத்துக்கு பணத்த எப்படி செலவு பண்ணலாம்னு அந்தக் குழு கவுன்சிலுக்கு சிபாரிசு பண்ணணும், வருஷா வருஷம் ரிப்போர்ட் வெளியிடணும். கவுன்சில் அந்த சிபாரிச பரிசீலிச்சே ஆகணும், ஆனா அப்படியே செய்யணும்னு கட்டாயம் இல்ல, எது எது எவ்வளவு தூரம் செஞ்சோம்னு மட்டும் குழுவுக்கு வருஷத்துக்கு ஒரு தடவ சொல்லணும். கட்டாயம்னு எழுதியிருந்தா அது தனி வரி ஆயிடும், மூணுல ரெண்டு பங்குக்குப் போயிடும். அந்தக் கோட்ட தொடாம, ஆனா சும்மா வாய்வார்த்தையாவும் விடாம, நடுவுல நின்னாங்க.

ரெண்டாவது முடிவு, யார் கிட்ட வசூல் பண்றது. ரிச்மண்ட் பாடம் இங்க நேரா வேலை செஞ்சுது. வரிய கடைக்காரர் மேல போடாம, கடைக்கு சரக்கு இறக்கற டிஸ்ட்ரிபியூட்டர் மேல போட்டாங்க. ரொம்ப சின்ன கடைகளுக்குப் போற சரக்குக்கு விலக்கு. டயட் டிரிங்ஸ், பால் சார்ந்தது, நூறு சதவீத ஜூஸ், குழந்தைகளுக்கான ஃபார்முலா, மது, மருத்துவத்துக்காக குடிக்கறது, இது எல்லாம் வெளிய. எனர்ஜி டிரிங்க், சர்க்கரை போட்டு பாட்டில்ல வர்ற டீ எல்லாம் உள்ள. ரெஸ்டாரண்ட் மெஷின்ல தண்ணி கலந்து ஊத்தற சிரப்புக்கும் வரி உண்டு, அதுல எத்தன அவுன்ஸ் டிரிங்க்ஸ் வரும்னு கணக்குப் போட்டு.

மூணாவது, ஒரே பேலட்ல வேற என்ன வரி வைக்கறதுங்கறது. அதே தேர்தல்ல நகரத்துக்கு பார்க்குகளப் பராமரிக்கவும் பணம் வேண்டியிருந்துது, அதுக்கு ஏற்கனவே மூணுல ரெண்டு பங்கு தேவைப்படற தனி வரி இருந்துது, அத கொஞ்சம் ஏத்தறதுன்னு முடிவாச்சு. ரெண்டு வரிய ஒரே நேரத்துல கேட்டா மக்கள் ரெண்டையும் தூக்கி எறிஞ்சிருவாங்களோங்கற பயம் எந்த கவுன்சிலுக்கும் இருக்கும். பெர்க்லில ரெண்டும் வெவ்வேற ஆளுங்க கிட்ட இருந்து வர்ற பணம், ஒண்ணு சொத்து வெச்சிருக்கறவங்க, இன்னொண்ணு டிஸ்ட்ரிபியூட்டர், அதனால ஒண்ணோட ஒண்ணு மோதல.

2014 ஜூலை 1 அன்னிக்கு மேயரும் எட்டு உறுப்பினர்களும், ஒம்பது பேரும் ஒருமனதா, கூல்டிரிங்ஸ் வரிய பேலட்ல வைக்கலாம்னு ஓட்டு போட்டாங்க. அந்த ஊர் கவுன்சில் எல்லா விஷயத்துலயும் ஒத்துப்போற கவுன்சில் கிடையாது, நடுராத்திரி வரைக்கும் சண்டை போடறவங்கதான். இதுல ஒம்பதுக்கு ஒம்பது வந்ததால, ரிச்மண்ட்ல நடந்த மாதிரி "உங்க கவுன்சில்காரரே வேணாங்கறாரே"ன்னு சொல்ல எதிரணிக்கு ஆள் கிடைக்கல.

பிரச்சாரம்

பேலட்ல வர்ற கேள்வியோட வார்த்தைகள் மேலயே முதல் சண்டை. நகரம் எழுதின வாசகத்துல "அதிக கலோரி உள்ள"ங்கற மாதிரி சொற்கள் இருந்துது, அது ஆதரவுப் பக்கம் சாயுதுன்னு வரிய எதிர்த்தவங்க கோர்ட்டுக்குப் போனாங்க, வாசகம் நடுநிலையா இருக்கணும்னு கோர்ட் திருத்தம் சொல்லுச்சு. சின்ன விஷயமா தோணும். ஆனா நிறைய பேர் பூத்துக்குள்ள போய்த்தான் அந்த ஒரு பத்திய முதல் தடவையா படிக்கறாங்க, அவங்களுக்கு மொத்த விவாதமும் அந்த நாலு வரிதான். கவுன்சில் இதுல முன்னாடியே ஜாக்கிரதையா இருந்திருக்கணும்.

கம்பெனிகள் சங்கம் பெர்க்லில மட்டும் சுமார் 24 லட்சம் டாலர் செலவு பண்ணுச்சு. டவுன்டவுன் பார்ட் ரயில் ஸ்டேஷன்ல எங்க திரும்பினாலும் "வேணாம்" விளம்பரம், செவுரு, தூணு, தரை வரைக்கும், காலைல ஆபீசுக்கும் காலேஜுக்கும் போறவங்க அது மேலதான் நடந்து போனாங்க. அதிகமா எடுத்துவிட்ட வாதம், இந்த வரில ஓட்டை நிறைய, சர்க்கரை இருக்கற சில பானத்துக்கு விலக்கு இருக்கே, பணம் பொதுக் கணக்குக்குத்தானே போகுது. பொது வரியா வெச்சதுக்கு விலை குடுத்தது இங்கதான், அந்த வாதத்துல உண்மை இருந்துது.

ஆதரவு அணி அதுக்கு வெச்ச பதில் வீடு வீடா போறது. கறுப்பின அமைப்பு, லத்தீனோ அமைப்பு, பள்ளி போர்டு, டீச்சர் யூனியன், டாக்டர்கள் எல்லாரும் முதல்லயே கூட்டணில இருந்ததால, இந்த வரி ஏழைகள் மேல சுமைன்னு வெளியாள் சொன்னப்ப அதே தெருவுல இருக்கறவங்க "எங்க புள்ளைங்களுக்குத்தான் சர்க்கரை வியாதி வருது, அந்த சுமைய யாரு தூக்கறது"ன்னு பதில் சொன்னாங்க. இந்தக் கேள்விக்கு எதிர்ப்பக்கத்துல கடைசி வரைக்கும் நல்ல பதில் வரல. முடிவுக் கட்டத்துல நியூயார்க்கோட முன்னாள் மேயர் ஒருத்தர் ஆறு லட்சம் டாலருக்கு மேல ஆதரவுக்கு குடுத்தாரு, அதையும் சொல்லாம விட்டா கதை முழுசா இருக்காது, ஆனா அப்பவும் எதிரணி பணம்தான் அதிகம்.

ரிசல்ட்

பெர்க்லில ஆதரவு 76 சதவீதம். அமெரிக்காவுலயே ஓட்டுல ஜெயிச்ச முதல் கூல்டிரிங்ஸ் வரி. பார்க் வரியும் மூணுல ரெண்டு பங்கத் தாண்டி ஜெயிச்சுது.

அதே நாள் ராத்திரி சான் பிரான்சிஸ்கோல ஆதரவு சுமார் 55 சதவீதம், அதாவது பாதிக்கு மேல ஜனங்க வேணும்னு சொல்லியும் தோத்துது. அங்க கம்பெனிகள் செலவு பண்ணது 90 லட்சம் டாலருக்கு மேல. ரெண்டு வருஷம் கழிச்சு 2016ல சான் பிரான்சிஸ்கோ அப்படியே பெர்க்லி மாதிரி திருப்பி எழுதுச்சு, 1 சென்ட், பொது வரி, ஆலோசனைக் குழு. 62 சதவீதம் வாங்கி ஜெயிச்சுது. அந்த 62, 2014ல எழுதின வடிவத்துல வந்திருந்தா அப்பவும் தோல்விதான். அதே வருஷம் பக்கத்து ஊர்களான ஓக்லண்ட் 61, ஆல்பனி 71, எல்லாமே பொது வரி.

இந்த இடத்துல ஒரு நியாயமான கேள்வி வரும். பெர்க்லிக்கு 76 வந்துச்சே, தனி வரியா பூட்டு போட்டே வெச்சிருந்தாலும் ஜெயிச்சிருக்குமே, அப்ப கவுன்சில் தேவையில்லாம பயந்துச்சான்னு. நான் அப்படி நெனைக்கல. ஜூலைல கலிஃபோர்னியால கையில இருந்த ஓட்டு ஆதாரம் ரிச்மண்டும் எல் மான்டேயும்தான். மூணுல ரெண்டு பங்கு தேவைன்னா மூணுல ஒரு பங்குக்கு கொஞ்சம் மேல ஓட்டு சேத்தாலே கம்பெனிகளுக்குப் போதும், அது அவங்க ரிச்மண்ட்ல சேத்ததுல பாதி, அப்படிப்பட்ட போட்டிக்கு அவங்க இன்னும் அதிகமாவே செலவு பண்ணியிருப்பாங்க. அப்பவும் 76 வந்திருக்கும்னு யாரால சொல்ல முடியும்?

வரி வந்தப்புறம்

வசூல் 2015 மார்ச்ல ஆரம்பிச்சுது. 12 அவுன்ஸ் கேனுக்கு, அதாவது 355 மில்லி, 12 சென்ட். ரெண்டு லிட்டர் பாட்டிலுக்கு கிட்டத்தட்ட 68 சென்ட். டிஸ்ட்ரிபியூட்டர் மேல போட்ட வரி கடை விலைல ஏறுமான்னு சந்தேகம் இருந்துது, ஏறலன்னா பழக்கம் மாறாது. மூணு மாசம் கழிச்சு பாத்தப்ப சோடா விலை அவுன்ஸுக்கு 0.69 சென்ட் ஏறியிருந்துது, முழுசா இல்ல, ஆனா பெரும்பங்கு.

அப்புறம் வந்த ஆராய்ச்சிகள்ல ரெண்ட மட்டும் சொல்றேன். வருமானம் கம்மியான ஏரியாக்கள்ல தெருவுல ஆளுங்களக் கேட்டு எடுத்த சர்வேல, சர்க்கரை பானம் குடிக்கறது பெர்க்லில 21 சதவீதம் குறைஞ்சுது, ஒப்பீட்டுக்கு எடுத்த ஓக்லண்டுலயும் சான் பிரான்சிஸ்கோலயும் 4 சதவீதம் கூடியிருந்துது, தண்ணி குடிக்கறது பெர்க்லில 63 சதவீதம் ஏறுச்சு. இன்னொரு ஆய்வு சூப்பர்மார்க்கெட் பில் கணக்க எடுத்து பாத்துது, அதுல வரி உள்ள பானங்களோட விற்பனை 9.6 சதவீதம் இறங்கி வரி இல்லாத பானங்க 3.5 சதவீதம் ஏறியிருந்துது. ரெண்டு எண்ணும் ஒண்ணா இல்ல, அளந்த விதம் வேற, ஆளுங்களும் வேற. 21ங்கறத மட்டும் எடுத்துப் பேசறவங்க 9.6யும் சேத்துச் சொல்லணும்.

பணம் வருஷத்துக்கு சுமார் 15 லட்சம் டாலர் வந்துது. நிபுணர் குழு உக்காந்து சிபாரிசு பண்ணுச்சு, கவுன்சில் 2016 ஆரம்பத்துல அந்த வழியா பணம் ஒதுக்குச்சு, அதுல ஒரு பங்கு பள்ளிக்கூட தோட்ட, சமையல் வகுப்புக்கு, மிச்சம் சமூக அமைப்புகளுக்கும் நகர சுகாதாரத் துறைக்கும். சட்டப்படி கட்டாயம் இல்லாத ஒரு வாக்க ஒரு கவுன்சில் காப்பாத்துச்சு. இத நான் பெரிய விஷயமாவே பாக்கறேன்.

2018ல விழுந்த அடி

உள்ளூர்ல வரிசையா தோத்த கம்பெனிகள் 2018ல மாநில அளவுக்குப் போனாங்க. இனிமே கலிஃபோர்னியால எந்த உள்ளூர் வரியா இருந்தாலும் மூணுல ரெண்டு பங்கு வேணும்னு ஒரு மாநில அளவு பிரேரணைக்கு கையெழுத்து திரட்டி அந்த நவம்பர் பேலட்டுக்கு தகுதியாக்கினாங்க. அது ஜெயிச்சா ஒவ்வொரு நகரத்தோட பட்ஜெட்டுக்கும் ஆபத்து, ஃபயர் சர்வீஸ்ல இருந்து லைப்ரரி வரைக்கும். கூல்டிரிங்ஸ் வரிய 2030 முடியற வரைக்கும் தடை பண்ணுங்க, பிரேரணைய வாபஸ் வாங்கறோம்னு பேரம். வாபஸ் வாங்க கடைசி நாளான ஜூன் 28 அன்னிக்கே சட்டசபை பாஸ் பண்ணி கவர்னர் கையெழுத்துப் போட்டாரு. பெர்க்லி மாதிரி ஏற்கனவே இருந்த வரிகள் தப்பிச்சுது, புதுசா யாரும் போடக் கூடாது, மீறினா அந்த நகரத்தோட விற்பனை வரிப் பங்கே போயிடும்.

அந்த வருஷமே ஓட்டுக்கு வைக்கத் தயாரா இருந்த சான்டா க்ரூஸ் நகரம் பின்வாங்க வேண்டியதாச்சு. அப்புறம் அந்த தண்டனைப் பகுதி செல்லாதுன்னு 2023ல மேல்முறையீட்டு கோர்ட் சொன்னதுக்கப்புறம், 2024 நவம்பர்ல சான்டா க்ரூஸ் கவுன்சில் அவுன்ஸுக்கு 2 சென்ட்னு வெச்சு, ரொம்பக் குறுகலான வித்தியாசத்துல ஜெயிச்சுது. ஆறு வருஷம் தாமதம், அந்த ஆறு வருஷத்துல வளர்ந்த பசங்களுக்கு அது திரும்ப வராது.

மறுபடி செஞ்சா என்ன மாத்தலாம்

பெர்க்லி வரிக்கு 2026 கடைசியோட முடியற மாதிரி காலக்கெடு வெச்சிருந்தாங்க. ஓட்டு கேக்கறப்ப அது நம்பிக்கை குடுத்திருக்கும், ஆனா பன்னெண்டு வருஷத்துக்கு மேல திட்டம் போட முடியாத நிலைமையும் அதான். 2024ல திரும்ப மக்கள் கிட்ட போய், காலக்கெடு இல்லாம நீட்டிக்க ஓட்டு வாங்கினாங்க, நல்ல மெஜாரிட்டி கிடைச்சுது. என்னக் கேட்டா முதல்லயே காலக்கெடு வேணாம், அதுக்கு பதிலா அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ வெளிய இருந்து ஒரு மதிப்பீடு, அத கவுன்சில் பொதுக் கூட்டத்துல விவாதிக்கணும்னு எழுதியிருக்கலாம்.

குழு சிபாரிச ஏத்துக்கலன்னா காரணத்த எழுத்துல, பொதுவுல சொல்லணும்னு இன்னும் கறாரா போட்டிருக்கலாம், அது தனி வரி கோட்டத் தாண்டாது. இப்ப இருக்கற ஏற்பாடு அந்தந்த வருஷத்துல உக்காந்திருக்கற ஒம்பது பேரோட நல்ல மனச நம்பி நிக்குது. பட்ஜெட்ல ஓட்டை விழுந்த வருஷம் எந்த ஊர்லயும் பொதுக் கணக்குல இருக்கற பணம் மேல கண்ணு விழும்.

பேலட் வாசகத்த நகர வக்கீல் எழுதி முடிச்சதும், எதிர்க்கறவங்க பக்கத்துல இருந்து ஒருத்தர் படிச்சா எந்த வார்த்தைல கைய வைப்பாருன்னு ஜூலைலயே உக்காந்து பாத்திருக்கணும். அந்த கோர்ட் கேஸுக்குப் போன ஆகஸ்ட், செப்டம்பர் நாட்கள் ஆதரவு அணி வீடு வீடா போக வேண்டிய நாட்கள்.